தீப்பிடித்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள்

கேள்வி இது: "ஊனமுற்றோர் உரிமை பற்றி எதைப் படித்தாலும் ஜூடித் ஹியூமன் என்ற பெயர் வந்துவிடுகிறது. 2023-ல் அவர் இறந்தபோது அமெரிக்க முன்னாள் அதிபர்கள் வரை அஞ்சலி செலுத்தினார்கள். அப்படி என்ன செய்தார்? ஊனத்தை வென்று சாதித்த பெண் என்று எடுத்துக்கொள்ளலாமா?"

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதை விட்டுவிட்டு மீதியைச் சொன்னால் எல்லாமே தப்பாகப் புரியும். ஜூடி ஊனத்தை வெல்லவில்லை. 1949-ல் ஒன்றரை வயதில் வந்த போலியோ, 2023 மார்ச் 4-ம் தேதி எழுபத்தைந்து வயதில் வாஷிங்டனில் அவர் கண் மூடும் வரை அவரோடுதான் இருந்தது. அவர் நடக்கவில்லை. படுக்கையிலிருந்து எழ, உடுத்த, குளிக்க எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் துணை வேண்டியிருந்தது. இதையெல்லாம் அவர் மறைத்ததும் இல்லை, இதற்காக அழுததும் இல்லை. காலோடு அவர் சண்டையே போடவில்லை. படிக்கட்டோடு போட்டார், படிக்கட்டு கட்டியவர்களோடு போட்டார், "நீ எதற்கு மேலே வர வேண்டும்" என்று கேட்டவர்களோடு வாழ்நாள் முழுக்கப் போட்டார்.

எனக்கும் இரண்டு வயதில் போலியோ. இடது காலில் காலிப்பர். அதனால் இதை நிதானமாக எழுத முடியுமா தெரியவில்லை, முயற்சி செய்கிறேன்.

ஜூடி 1947 டிசம்பர் 18 அன்று பிலடெல்பியாவில் பிறந்தவர், வளர்ந்தது நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில். அப்பா வெர்னர் கறிக்கடை வைத்திருந்தார். அம்மா இல்ஸ. இரண்டு பேரும் ஜெர்மனியில் பிறந்த யூதர்கள், ஹிட்லர் காலத்தில் சிறு வயதிலேயே அமெரிக்காவுக்கு அனுப்பி வைக்கப்பட்டவர்கள். பின்னால் தங்கிவிட்ட அவர்களுடைய பெற்றோர் அங்கேயே கொல்லப்பட்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், குழந்தைக்குப் போலியோ வந்ததும் ஒரு டாக்டர் அவர்களிடம், "இவளை ஒரு விடுதியில் சேர்த்துவிடுங்கள், நீங்கள் உங்கள் வாழ்க்கையைப் பாருங்கள்" என்று சொன்னார். அந்தக் காலத்து அமெரிக்காவில் அது சாதாரணமாகச் சொல்லப்பட்ட ஆலோசனைதான், கெட்ட எண்ணத்தில் சொன்னது இல்லை. ஆனால் சொல்லப்பட்டது யாரிடம் என்று பாருங்கள். நாஜி ஜெர்மனியில் முறையாகத் திட்டம் போட்டுக் கொன்றது முதலில் ஊனமுற்ற குழந்தைகளைத்தான், மருத்துவமனைக்கு என்று சொல்லித்தான் பெற்றோரிடமிருந்து வாங்கிப் போனார்கள். குடும்பத்திலிருந்து ஒருவரைப் பிரித்து எடுத்துப் போவது எங்கே போய் முடியும் என்று தெரிந்த இருவரிடம் அந்த டாக்டர் இதைச் சொல்லியிருக்கிறார். அவர்கள் கேட்கவில்லை. பிற்காலத்தில் ஜூடி இதைத் திரும்பத் திரும்பச் சொல்வார், என் பிடிவாதம் அந்த வீட்டிலிருந்து வந்தது என்று.

ஐந்து வயதில் அம்மா பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். நல்ல உடை போட்டு, சக்கர நாற்காலியைப் படிகளில் பின்பக்கமாக இழுத்து ஏற்றி. தலைமையாசிரியர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். இந்தக் குழந்தையைச் சேர்க்க முடியாது, சக்கர நாற்காலி இருந்தால் தீ விபத்து நேரும்போது ஆபத்து என்றார். தீயைப் பற்றிய இந்தப் பேச்சை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும். பள்ளிக்குப் பதிலாக வீட்டுக்கு ஒரு ஆசிரியரை அனுப்பினார்கள். வாரத்துக்கு இரண்டு நாள், மொத்தமாகக் கூட்டினால் இரண்டரை மணி நேரம். மற்ற பிள்ளைகள் ஒரு நாள் காலையில் படிப்பதை இவர் ஒரு வாரத்தில் படித்தார்.

நான்காம் வகுப்பு வயதில்தான் முதல் முறையாக ஒரு வகுப்பறை. அதுவும் ஒரு சாதாரணப் பள்ளிக்குள் ஊனமுற்ற பிள்ளைகளுக்கென்று கீழே தனியாக ஒதுக்கி வைத்த வகுப்பு. மற்ற பிள்ளைகளை இவர்கள் "மாடிப் பிள்ளைகள்" என்றுதான் சொல்வார்களாம். இருபது வயது தாண்டியவர்கள்கூட அதே வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவர்கள் எதையாவது கற்றுக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை என்பது பத்து வயதுக்குள் ஜூடிக்குப் புரிந்துவிட்டது.

அந்த வயதில் நடந்த ஒரு சின்ன விஷயம், எனக்கு அவர் வாழ்க்கையிலேயே மறக்க முடியாதது அதுதான். தோழி ஒருத்தி நாற்காலியைத் தள்ள, மிட்டாய்க் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எதிரே வந்த ஒரு பையன் நின்று பார்த்து, உனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்கிறான். அவ்வளவுதான். வம்புக்குக் கேட்கவில்லை, தெரியாமல் கேட்கிறான். அதுவரை தெருவில் எல்லோரோடும் விளையாடி, ஹீப்ரு வகுப்புக்குப் போய், பியானோ கற்றுக்கொண்டு, தன்னை ஒரு சாதாரணப் பெண்ணாகத்தான் நினைத்திருந்தார். பள்ளிக்கூடம் சேர்க்காதது, பஸ்ஸில் ஏற முடியாதது, பெரியவர்கள் அம்மாவிடம் குரலைத் தாழ்த்திப் பேசுவது எல்லாமே ஒரே விஷயம்தான் என்று அந்தக் கேள்வியில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. உலகம் என்னை நோயாளியாகப் பார்க்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு எங்கள் தெரு மளிகைக் கடையும் கடைக்கு எதிரே இருந்த திண்ணையும்தான் ஞாபகம் வந்தது. "பாவம், நல்லா மூக்கும் முழியுமா இருக்கு, கால்தான் இப்படி" என்று ஒரு பாட்டி சொன்னாள். எனக்கு ஏழு வயது. அன்று வாங்கிய கடலை மிட்டாயைச் சாப்பிடவில்லை. அந்தப் பாட்டியும் கெட்டவள் இல்லை.

சரி, மேலே போவோம். உயர்நிலைப் பள்ளி வயது வந்ததும் இந்தப் பிள்ளைகளை மறுபடி வீட்டுக்கே அனுப்புவதுதான் அங்கே வழக்கம். ஜூடியின் அம்மா மற்ற தாய்மார்களைக் கூட்டிக்கொண்டு கல்வித் துறையோடு மல்லுக்கட்டி அதை மாற்றினார். குள்ளமான, வாய் ஓயாத பெண்மணி என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அந்த அம்மாவுக்கு யாரும் அஞ்சலிக் கட்டுரை எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

கோடைக்காலங்களில் ஜூடி முகாம்களுக்குப் போனார். அவற்றில் ஒன்று நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப் பக்கம் இருந்த ஜெனெட் முகாம், ஊனமுற்ற பதின்பருவப் பிள்ளைகளுக்கானது. பெரிய வசதி ஒன்றும் கிடையாது, ஆனால் அங்கே நாற்காலியில் இருப்பவர் கூட்டத்தில் ஒருவர், அவ்வளவுதான். காதல், பாட்டு, சிகரெட், இரவெல்லாம் பேச்சு, என் அம்மா என்னை விடவே மாட்டேன் என்கிறாள் என்ற புகார், எனக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்ற பயம். திக்கித் திக்கி ஒரு வாக்கியம் சொல்ல ஐந்து நிமிடம் ஆகும் பிள்ளை பேசும்போது மற்றவர்கள் காத்திருந்து கேட்பார்கள். நடுவில் புகுந்து முடித்து வைக்க மாட்டார்கள். பிற்காலத்தில் போராட்டங்களில் கூட நின்றவர்களில் பலர் இந்த முகாமில் கிடைத்த நண்பர்கள்தான். தனியாக ஒரு வீராங்கனை எழுந்து வந்தார் என்று எழுதுவது சுலபம், ஆனால் நடந்தது அப்படி இல்லை. அவரே அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் 1969-ல் பட்டம் பெற்றார். ஆசிரியை ஆக வேண்டும் என்று ஆசை. ஆனால் அதை வெளியே சொன்னால் படிப்புக்கான அரசு உதவி வராது, ஏனென்றால் சக்கர நாற்காலியில் ஆசிரியை யாரும் அதுவரை கிடையாது, கிடைக்காத வேலைக்குப் பணம் கொடுக்க மாட்டார்கள். அதனால் பேச்சுப் பயிற்சியாளர் ஆகப்போவதாகச் சொல்லிவிட்டு, ஆசிரியர் பணிக்குத் தேவையான பாடங்களையும் சேர்த்துப் படித்தார்.

1970-ல் நியூயார்க் கல்வி வாரியத்தின் தேர்வு. எழுத்துத் தேர்வில் பாஸ். வாய்மொழித் தேர்வில் பாஸ். மருத்துவத் தேர்வில் ஃபெயில். தேர்வு நடந்த கட்டடங்களில் படிக்கட்டுகள், நண்பர்கள்தான் தூக்கிப் போனார்கள். மருத்துவத் தேர்வில் டாக்டர் அவரிடம் கழிவறைக்கு எப்படிப் போவாய் என்று கேட்டார். ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்த வேறு யாரையாவது இப்படிக் கேட்டிருப்பார்களா? நிராகரிப்புக்குச் சொன்ன காரணம், தீப்பிடித்தால் தன்னையும் பிள்ளைகளையும் வெளியே கொண்டுவர இவரால் முடியாது என்பது. ஐந்து வயதில் மாணவியாக உள்ளே விடாத அதே தீ, இருபத்திரண்டு வயதில் ஆசிரியையாகவும் உள்ளே விடவில்லை.

இந்தத் 'தீ' பற்றிக் கொஞ்சம் நிற்க வேண்டும். வேண்டாம் என்று நேராகச் சொல்ல யாருக்கும் வாய் வராது. அதனால் உன் நல்லதுக்குத்தான் சொல்கிறோம் என்று பாதுகாப்பைக் காட்டுவார்கள். எனக்குப் படித்து முடித்து முதல் வேலைக்குப் போனபோது, நேர்காணல் எல்லாம் முடிந்து, "லிஃப்ட் அடிக்கடி ரிப்பேர் ஆகும், உங்களுக்குத்தான் சிரமம்" என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார்கள். லிஃப்டைச் சரிசெய்யலாமே என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நன்றி சொல்லிவிட்டு இறங்கி வந்தேன், இரண்டு மாடி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. ஜூடியைப் பற்றிப் படித்தது அதற்கு ரொம்பப் பின்னால்.

ஜூடி நன்றி சொல்லிவிட்டு வரவில்லை. வழக்குப் போட்டார். பத்திரிகைகளுக்குப் போனார். போலியோ இருந்தால் நாட்டுக்கு அதிபர் ஆகலாம், ஆசிரியர் ஆக முடியாதா என்ற பொருளில் ஒரு பத்திரிகை தலைப்புப் போட்டது. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைச் சொல்கிறார்கள். வழக்கு யாரிடம் போனது தெரியுமா, கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லியிடம். அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிபதியான முதல் கறுப்பினப் பெண், அதற்கு முன் வழக்கறிஞராகக் கறுப்பின மாணவர்களைப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் சேர்க்க வாதாடியவர். வாசலில் நிறுத்தப்படுவது என்றால் என்ன என்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை. மறுபரிசீலனை செய்யுங்கள் என்று வாரியத்துக்கு ஒரு அழுத்தம் கொடுத்தார், வாரியம் இறங்கி வந்தது. இரண்டாவது மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு உரிமம் கிடைத்தது. நியூயார்க் மாநிலத்தில் சக்கர நாற்காலியில் வந்த முதல் ஆசிரியை. அப்புறமும் வேலை தர ஆள் இல்லை, கடைசியில் சிறுவயதில் படித்த அதே பள்ளிதான் எடுத்துக்கொண்டது. மூன்று வருடம் பாடம் நடத்தினார். அதே 1970-ல் நண்பர்களோடு சேர்ந்து 'டிசேபிள்ட் இன் ஆக்‌ஷன்' என்று ஒரு அமைப்பையும் தொடங்கினார், ஏனென்றால் பத்திரிகைச் செய்தியைப் பார்த்துவிட்டு நாடு முழுக்க இருந்து, எனக்கும் இப்படி நடந்தது, எனக்கும் என்று கடிதங்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன.

இப்போது 1977-க்கு வருகிறேன். ஜூடியைப் பற்றி ஒன்றே ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் இதுதான்.

1973-ல் அமெரிக்காவில் ஊனமுற்றோருக்கான மறுவாழ்வுச் சட்டம் ஒன்று வந்தது. அதிபர் நிக்சன் அதற்கு முந்தைய வடிவத்தை 1972-ல் நிராகரித்தபோது ஜூடியும் கூட்டாளிகளும் சக்கர நாற்காலிகளோடு நியூயார்க் நடுத்தெருவில் போய் உட்கார்ந்து போக்குவரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். சட்டத்தின் கடைசியில் 504 என்று ஒரு பிரிவு, ஒரே ஒரு வாக்கியம். அரசுப் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கவோ பாகுபாடு காட்டவோ கூடாது. 1964-ன் குடிமை உரிமைகள் சட்டத்தில் இனப் பாகுபாட்டுக்கு எதிராக இருந்த வாசகத்தை அப்படியே எடுத்துப் போட்டது. மருத்துவமனை, பல்கலைக்கழகம், பள்ளி, நூலகம், போக்குவரத்து, எல்லாமே அரசுப் பணம் வாங்குகிறவைதான், அதனால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒரு நாடே அடங்கியது. ஆனால் சட்டம் இருந்தால் போதாது, விதிமுறைகள் வர வேண்டும், அமைச்சர் கையெழுத்துப் போட வேண்டும். நம் ஊரில் இதைத் தனியாக விளக்க வேண்டாம். நிக்சன் போனார், ஃபோர்டு போனார், நான்கு வருடம் ஓடியது, கையெழுத்து வரவில்லை. செலவாகும் என்று நிறுவனங்கள் முட்டுக்கட்டை போட்டன. கார்ட்டர் வந்தார். அவருடைய சுகாதாரம், கல்வி, நலத் துறைச் செயலர் ஜோசஃப் கலிஃபானோ, படித்துப் பார்க்க நேரம் வேண்டும் என்றார். படித்துப் பார்ப்பது என்றால் வெட்டிக் குறைப்பது என்று இவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

1977 ஏப்ரல் 5. பல நகரங்களில் ஒரே நாளில் அந்தத் துறையின் அலுவலகங்களுக்குள் புகுந்தார்கள். மற்ற ஊர்களில் சீக்கிரம் முடிந்துவிட்டது. வாஷிங்டனில் சாப்பாட்டை நிறுத்தி இருபத்தெட்டு மணி நேரத்தில் வெளியே வரவைத்துவிட்டார்கள். சான்ஃபிரான்சிஸ்கோவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே போனார்கள், போனவர்கள் வரவில்லை. அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நின்றவர்களில் ஜூடி ஒருவர். அப்போது 29 வயது. அதற்குள் கலிஃபோர்னியாவுக்கு வந்து பெர்க்லியில் பொதுச் சுகாதாரத்தில் முதுகலை முடித்து, எட் ராபர்ட்ஸ் போன்ற ஊனமுற்றோரே உருவாக்கிய சுயவாழ்வு மையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே கிட்டி கோன், தசைச் சிதைவு நோய் உள்ளவர், போராட்டத்தின் வியூகம் பெரும்பாலும் அவருடையது.

யார் உள்ளே இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர்கள். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் புண் வந்துவிடும். சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டும். குளிர்ச்சியில் வைக்க வேண்டிய மருந்துகள் இருந்தன, ஏசி பெட்டியின் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை ஒட்டி அதையே ஃபிரிட்ஜ் ஆக்கிக்கொண்டார்கள். பல பேருக்கு மாற்றுத் துணி கிடையாது, இப்படி நாட்கணக்கில் ஆகும் என்று யாரும் நினைத்து வரவில்லை. அரசு தொலைபேசி இணைப்பைத் துண்டித்தது. உள்ளே இருந்த காது கேளாதவர்கள் ஜன்னலுக்குப் போய்க் கீழே நின்றவர்களோடு சைகை மொழியில் பேசினார்கள். அது வரை குறையாகப் பார்க்கப்பட்ட ஒன்றுதான் அன்றைக்கு அந்தக் கட்டடத்தின் ஒரே தபால். பார்க்க முடியாதவர் நாற்காலியைத் தள்ளினார், நாற்காலியில் இருந்தவர் வழி சொன்னார், கை இல்லாதவருக்கு யாரோ ஊட்டினார்கள்.

சாப்பாடு? கறுப்பின மக்களின் பிளாக் பாந்தர் கட்சி. ஆமாம், துப்பாக்கியும் கறுப்புத் தொப்பியுமாகப் படங்களில் பார்த்திருப்பீர்களே, அவர்கள்தான். அவர்களுடைய தோழர் பிராட் லோமாக்ஸ் சக்கர நாற்காலியில் உள்ளே இருந்தார், அவரைப் பார்த்துக்கொண்ட சக் ஜாக்சன் மற்றவர்களையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். ஓக்லண்டிலிருந்து வளைகுடா தாண்டி ஒவ்வொரு நாளும் சுடச்சுடச் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தது அந்தக் கட்சி, காவலர்கள் தடுத்தபோதும் விடவில்லை. தொழிற்சங்கங்கள் வந்தன, தேவாலயங்கள் வந்தன, ஓரினச் சேர்க்கையாளர் அமைப்புகள் வந்தன. நகர மேயர் ஜார்ஜ் மாஸ்கோன் மெத்தைகள் ஏற்பாடு செய்தார். தினமும் மாலையில் கூட்டம் போட்டு, எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் முடிவு. இரவு இரண்டு மணி, மூன்று மணி ஆகும். ஜூடி யாரையும் வாய் மூடச் சொன்னதில்லை. ஜெனெட் முகாம் அங்கே தெரிகிறது, ஐந்து நிமிடம் காத்திருந்து ஒரு வாக்கியத்தைக் கேட்கிற பழக்கம்.

ஏப்ரல் 15. நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஃபிலிப் பர்ட்டனும் ஜார்ஜ் மில்லரும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு விசாரணைக் கூட்டம் நடத்தினார்கள். கலிஃபானோ வரவில்லை, ஜீன் ஐடன்பெர்க் என்ற அதிகாரியை அனுப்பினார். அவர் விதிகளில் செய்யப்போகும் மாற்றங்களைப் படித்தபோது, 'தனியாக, ஆனால் சமமாக' என்பது உள்ளே ஒளிந்திருப்பது எல்லோருக்கும் கேட்டது. அமெரிக்காவில் அந்தச் சொற்றொடருக்கு என்ன வரலாறு என்று தெரியும் அல்லவா, கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் வைக்கச் சொன்ன சாக்கு அது. அந்த அதிகாரி நடுவில் எழுந்து ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள, பர்ட்டன் பின்னாலேயே ஓடிக் கதவைத் தட்டி உதைத்து வெளியே வரவைத்தார் என்பதும் அன்று நடந்ததுதான்.

அப்புறம் ஜூடி பேசினார். பத்து நாளாகத் தரையில் தூங்கிய முகம். குரல் உடைகிறது, அழுகை வருகிறது, நிறுத்தவில்லை. தனிமைப்படுத்துவதைப் பற்றி நீங்கள் பேசும் ஒவ்வொரு தடவையும் எங்கள் கோபம் கூடிக்கொண்டே போகும், இனி அரசு எங்களை ஒடுக்க விட மாட்டோம், என்கிறார். அந்த அதிகாரி அனுதாபமாகத் தலையை ஆட்டிக்கொண்டே கேட்கிறார். உடனே ஜூடி, நாங்கள் என்ன பேசுகிறோம் என்பதே உங்களுக்குப் புரிகிறதாக எனக்குத் தோன்றவில்லை, அதனால் தலையாட்டுவதை மட்டும் நிறுத்தினால் நன்றாக இருக்கும் என்கிறார்.

என்னைப் பொறுத்தவரை அவர் யார் என்பது அந்த ஒரு இடத்தில் இருக்கிறது. தலையாட்டல் நமக்கெல்லாம் பழக்கமானது. அலுவலகத்தில் மனு கொடுத்தால் தலையாட்டுவார்கள், பஸ்ஸில் ஏற முடியவில்லை என்றால் தலையாட்டுவார்கள், பாவம் என்று சொல்லாமல் சொல்லும் தலையாட்டல். அதற்கு நாம் என்ன செய்கிறோம், நம்மைக் கவனித்தார்களே என்று மகிழ்ந்து திரும்பி வருகிறோம். அந்தக் கருணையை வேண்டாம் என்று முகத்துக்கு நேராக, மரியாதை குறையாமல், அழுதுகொண்டே சொல்ல முடியும் என்று ஒருவர் காட்டியிருக்கிறார். வேறொரு சமயம் இன்னொன்றும் சொன்னார், ஒரு கழிவறை நான் போகிற மாதிரி கட்டியிருப்பதற்கு நான் நன்றிக்கடன்பட வேண்டும் என்றால் நான் எப்போதுதான் மற்றவர்களுக்குச் சமமாவேன் என்று.

பிறகு ஒரு குழு வாஷிங்டனுக்கே போனது. போய் இறங்கினால் நாற்காலி ஏறும் பஸ் ஏது, தொழிற்சங்கம் பிடித்துக் கொடுத்த சாமான் லாரியில், ஜன்னல் இல்லாத இருட்டில், நாற்காலிகள் உருண்டு ஒன்றோடொன்று இடிக்க ஊரைச் சுற்றினார்கள். கலிஃபானோ வீட்டு வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றி உட்கார்ந்தார்கள். ஏப்ரல் 28-ல் கையெழுத்து ஆனது, ஒரு மாற்றமும் இல்லாமல். 30-ம் தேதிதான் சான்ஃபிரான்சிஸ்கோவில் இருந்தவர்கள் கட்டடத்தைச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரு கூட்டாட்சிக் கட்டடத்தில் அமைதியாக நடந்த மிக நீண்ட ஆக்கிரமிப்பு அதுதான். 1990 ஜூலை 26-ல் வந்த அமெரிக்க ஊனமுற்றோர் சட்டம் இந்த 504-ன் மேல் எழுப்பப்பட்டதுதான். இன்றைக்கு அமெரிக்காவில் நடைபாதை ஓரத்தில் சரிவாக இறக்கிவிட்ட இடத்தில் தள்ளுவண்டியில் குழந்தையை இறக்கும் எந்தத் தாய்க்கும் இந்தக் கதை தெரிந்திருக்காது.

மற்ற பதவிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எங்கேயும் படிக்கலாம். 1975-ல் வந்த கல்விச் சட்டத்தை வடிவமைத்ததில் பங்கு. அந்தச் சட்டம் வந்தபோது பத்து லட்சம் ஊனமுற்ற பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே இருந்ததாக அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 1983-ல் எட் ராபர்ட்ஸ், ஜோன் லியோனுடன் உலக ஊனமுற்றோர் நிறுவனத்தைத் தொடங்கினார். 1993 முதல் 2001 வரை கிளின்டன் அரசில் கல்வித் துறை உதவிச் செயலர், பிறகு உலக வங்கியில் ஊனமுற்றோர் விவகாரத்துக்கான முதல் ஆலோசகர், 2010 முதல் 2017 வரை வெளியுறவுத் துறையில் சிறப்பு ஆலோசகர். ஐந்து வயதில் பள்ளியில் சேர்க்காதவர்கள் நடத்தும் துறையையே மேற்பார்வை பார்க்கும் இடத்துக்கு வந்தார் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம் உண்டு, மறைக்கவில்லை.

எல்லாம் வெற்றி என்றும் எழுத முடியாது. ஐ.நா.வின் ஊனமுற்றோர் உரிமை உடன்படிக்கை 2006-ல் வந்தது. இந்தியா 2007-லேயே ஏற்றது, நம்முடைய 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அந்த உடன்படிக்கையைப் பின்பற்றி வந்ததுதான். அமெரிக்கா இன்னும் ஏற்கவில்லை. 2012 டிசம்பரில் செனட்டில் 61-க்கு 38 என்று வந்தது, மூன்றில் இரண்டு பங்குக்கு ஐந்து வாக்கு குறைவு. அதற்காக ஊர் ஊராகப் பேசியவர்களில் ஜூடி ஒருவர். அவருடைய சொந்த நாடே அவர் காலத்தில் அதை ஏற்கவில்லை.

அவர் குணம் பற்றியும் கேட்பீர்கள். பேசிக்கொண்டே இருப்பார், போனை எடுத்தால் வைக்க மாட்டார் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். யாரையாவது சந்தித்தால் நீ என்ன செய்கிறாய், யாரைத் தெரியும், இன்னாரோடு பேசு என்று உடனே ஒரு வேலை கொடுத்துவிடுவார். 1975-ல் ஒரு விமானத்தில் துணையில்லாமல் பறக்க முடியாது என்று இறங்கச் சொன்னபோது இறங்க மறுத்து உட்கார்ந்துகொண்டார், போலீஸ் வந்து இறக்கியது. 1992-ல் ஹோர்கே பினேடாவைத் திருமணம் செய்துகொண்டார், மெக்சிகோக்காரர், அவரும் சக்கர நாற்காலியில் இருப்பவர். ஊனமுற்ற பெண்ணுக்குக் காதலும் கல்யாணமும் ஆசையும் இருக்கும் என்பதைப் பேசக் கூச்சப்பட்டதே இல்லை. நம் பக்கம் இன்னும் அதைப் பேசவே வாய் வருவதில்லை, 'யார் கட்டிக்குவா' என்பதோடு நின்றுவிடுகிறது.

ஹியூமன் என்ற அந்தக் குடும்பப் பெயரை உச்சரித்தால் ஆங்கிலத்தில் 'மனிதர்' என்று கேட்கும். அவருக்கும் அதில் விருப்பம்தான்.

ஆக, ஊனத்தை வென்றவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் பதில். நாற்காலியில் வாழ்வது எனக்குத் துயரம் இல்லை, வேலையும் ஏறிப் போகக் கட்டடமும் தராதபோதுதான் அது துயரமாகிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். அவரைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் புத்தகத்துக்குப் போகும் முன், ஏப்ரல் 15 விசாரணையின் ஒளிப்பதிவு இணையத்தில் கிடைக்கிறது, அதை ஒரு தடவை பாருங்கள். கறுப்பு வெள்ளை, ஒலி சுமார்தான், சில நிமிடங்கள்தான் வரும். அவர் முகத்தைப் பார்த்த பிறகு, பின்னால் இருக்கிறவர்களின் முகங்களையும் பாருங்கள்.